மாஸ்டரின் வலது கால்

மணி பதினொன்று. இந்நேரம் என் பெண்டாட்டி ருக்குமணி வீட்டு கேட்டை இரண்டு பக்கமும் திறந்திருப்பாள். திறந்துவிட்டுப் பக்கத்துக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிவர்ஸ் எடுக்கிற நேரம் பார்த்துக் காற்றில் திரும்பி வந்து பம்பரில் இடிக்கும். இதைக் காலையில் சொல்லலாம் என்று தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றுதான் பேச்சு. என் கைக்குள் களிமண் ஜில்லென்று இருக்கிறது. ஒரு கிலோ உருண்டை. பிசைந்து, தட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் மறுபடி பிசைந்து, சக்கரத்தின் நடுவில் ஓங்கி அடித்து ஒட்டியாகிவிட்டது. நடுவில் என்பது என் கட்சி. சொல்லித் தருகிற மிதுனா பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள், அப்படியென்றால் நடுவில் இல்லை. இது ஏழாவது சனிக்கிழமை. இன்னும் ஒரு கிண்ணம் செய்யவில்லை நான். பொள்ளாச்சியில் முப்பத்தொரு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன், வெள்ளிங்கிரி மாஸ்டர் என்றால் பஸ் ஸ்டாண்டில் தெரியாத ஆள் கிடையாது, எத்தனையோ ஆயிரம் பேரை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறேன், இங்கே கிணத்துக்கடவில் ஒரு பழைய தேங்காய்நார் குடோனில் ஒரு கிலோ மண் என்னை மதிக்க மாட்டேன் என்கிறது. பதினொன்று இரண்டு. கிளம்பியிருப்பாள். தனியாக, முதல் தடவையாக, எங்கள் வெள்ளைக் காரில், பொள்ளாச்சியிலிருந்து இங்கே என்னைக் கூட்டிப் போக. இருபது கிலோமீட்டர். நான் காலையில் பஸ்ஸில் வந்துவிட்டேன், வரும்போது வழி நெடுக ஜன்னலில் தலையை விட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன், கண்டக்டர் உடம்புக்கு முடியலீங்களா என்று கேட்டார். ருக்குமணி தலை வாரிக்கொண்டே சொன்னது இதுதான்: "போன் பண்ணாதீங்க. ஒருக்கா மணியடிச்சாலும் சரி, வண்டிய அங்கயே ஓரங்கட்டிப் பூட்டிப்போட்டு பஸ்ல வந்துருவேன். பொறவு சாவிய நான் தொட மாட்டேனுங்க." சொன்னால் செய்வாள். ஏற்கெனவே ஒரு முறை இருபத்தொரு வருடம் தொடாமல் இருந்து காட்டியவள்.

ஆகவே போன் பேன்ட் பையில் இருக்கிறது, கை மண்ணில் இருக்கிறது, இரண்டும் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது என் வேலை. தண்ணீர் தொட்டுக்கொள்கிறேன். வலது காலால் பெடலை மெல்ல அழுத்துகிறேன், சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறது. மண் உள்ளங்கையில் தட்டித் தட்டிப் போகிறது, ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளம், பஞ்சரான டயரில் போகிற மாதிரி. இரண்டு முழங்கையையும் தொடையில் ஊன்றி, கையை ஆட விடாமல் நிறுத்தினால் மண் தானாக நடுவுக்கு வரும் என்பாள் மிதுனா. நிறுத்தத்தான் செய்கிறேன், மண்தான் வர மாட்டேன் என்கிறது. இந்த மண்பாண்ட வகுப்பில் நான் சேரவில்லை, சேர்க்கப்பட்டேன். ஸ்கூலை என் அக்கா மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த மூன்றாவது மாதம், ருக்குமணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியை இந்தக் கோணத்தில் பிடித்தால் விரல் தப்பும் என்று சொன்னேன். அதற்கு முந்தின நாள் துணி காயப்போடுவதைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் முந்தின நாள் பால்காரருக்கு யூ டர்ன் எடுப்பது பற்றிச் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முப்பது வருசமா எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாச்சு, இனி கொஞ்ச நாள் எங்காவது போய்க் கத்துக்கிட்டு வாங்க என்றாள். அடுத்த வாரம் இங்கே பெயர் கொடுத்துவிட்டாள். வந்து பார்த்தால் டீச்சர் மிதுனா. எட்டு வருடம் முன்னால் என்னிடம் கார் கற்றுக்கொண்டு டெஸ்டில் மூன்று தடவை கோட்டை விட்ட அதே மிதுனா, ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாள், எதிரே சைக்கிள் வந்தால் கண்ணை மூடுவாள். முதல் நாள் என்னைப் பார்த்ததும் கை கூப்பி, வாங்க மாஸ்டர், உக்காருங்க மாஸ்டர் என்றாள். பத்தாவது நிமிஷத்தில் ஆரம்பித்துவிட்டாள். பார்வைய பானட் மேல வெக்காதீங்க, தூரத்துல வைங்க. ஒடம்ப இறுக்காதீங்க. எல்லாம் நான் அவளுக்குச் சொன்னது. ஒரு வார்த்தை மாற்றாமல் வைத்திருந்து திருப்பித் தருகிறாள், மகராசி.

என் கோளாறு கையில் இல்லை, காலில். அதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். கற்றுக்கொடுக்கிற காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும், நாய் குறுக்கே வரப்போகிறது, முன்னால் போகிற டெம்போ நிற்கப்போகிறது, என் வலது கால் எனக்கே சொல்லாமல் அமுக்கிவிடும். முப்பத்தொரு வருடம். இந்தச் சக்கரத்தில் இருப்பது ஒரே பெடல், அதுவும் பிரேக் இல்லை, அமுக்கினால் வேகம். மண் லேசாக ஆடும், எனக்குப் பக்கென்று ஆகும், கால் பிரேக் என்று நினைத்து மிதிக்கும், சக்கரம் பறக்கும், மண்ணும் பறக்கும். குடோனின் வடக்குச் சுவரில் தோள் உயரத்தில் ஒரு மண் கறை இருக்கிறது, மிதுனா அதைத் துடைக்காமல் சுற்றி ஒரு வட்டம் போட்டு மாஸ்டர் என்று எழுதி வைத்திருக்கிறாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். குதிகாலைத் தரையில் அழுத்தச் சொன்னாள், அழுத்தினேன். காலுக்கு என்ன தெரியும், அது அதன் வேலையைப் பார்க்கிறது. பக்கத்துச் சக்கரத்தில் பல் டாக்டர் சுகந்தி இருக்கிறார், என்னோடு சேர்ந்தவர், இதோடு ஆறு கப் முடித்துவிட்டார், கைப்பிடி கூட வைத்தாகிவிட்டது. அவருக்கு என்ன, நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் நடுங்காமல் கை விட்டுப் பழகியவர். பதினொன்று பத்து. ஆச்சிப்பட்டி தாண்டியிருப்பாள். அங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது, இன்றைக்கு முகூர்த்த நாளா? முகூர்த்த நாள் என்றால் ரோட்டிலேயே வண்டியை நிறுத்தி வாழைமரம் இறக்குவார்கள். காலண்டரில் பார்க்காமல் வந்துவிட்டேன். அப்படி நிறுத்தியிருந்தால் வலது பக்கம் ஒதுங்க வேண்டும், ஒதுங்குமுன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், கண்ணாடியை அவள் உயரத்துக்குத் திருப்பினாளா, நான் கடைசியாக ஓட்டினேன், என் உயரத்துக்கு இருக்கும். வெளியே ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடிக்கிறது. கால் மிதித்துவிட்டது. சக்கரம் விர்ரென்று கிளம்பி, உருண்டையில் பாதி கழன்று, டாக்டர் சுகந்தியின் ஏப்ரனில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, பரவாயில்ல சார், சொத்தைப் பல்லு புடுங்கறப்ப இதைவிட மேல வந்துருக்கு என்றார்.

மீதி மண்ணை வழித்தெடுத்து, புது உருண்டை பிசைகிறேன். பிசைவது எனக்குப் பிடிக்கும், இதில் கால் இல்லை. உள்ளங்கையால் முன்னே தள்ளு, திருப்பு, தள்ளு. மண்ணுக்கு ஒரு வாசம் இருக்கிறது, முதல் மழைக்கு முந்தின வாசம் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அது வெயிலில் கிடந்த ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினால் வருகிற வாசம். பையில் போன் நடுங்குகிறது. கையைப் பார்க்கிறேன், முழங்கை வரை சேறு. ஓரங்கட்டிவிட்டாளா, உரசிவிட்டதா, யாராவது அவள் போனிலிருந்து கூப்பிடுகிறார்களா. டாக்டரிடம், கொஞ்சம் எடுத்துப் பார்க்க முடியுங்களா என்று கேட்கிறேன், ஒரு பெரிய மனுஷன் பேன்ட் பையைக் காட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று யோசிக்கவெல்லாம் நேரமில்லை. அவர் சாவகாசமாகக் கையைக் கழுவி, துடைத்து, இரண்டு விரலால் போனை வெளியே எடுத்துப் படித்தார். கேஸ் சிலிண்டர் புக் ஆகியிருக்கிறதாம். அவரே புன்னகையோடு திரும்பப் பையில் போட்டார். சிலிண்டர் வாழ்க. பதினொன்று இருபது. கோவில்பாளையம். ரோடு நல்ல ரோடு, நாலு வழி, நடுவில் அரளிச் செடி. அவள் ஓட்டுவாள். நன்றாகவே ஓட்டுவாள். லைசென்ஸ் முதல் டெஸ்டிலேயே வாங்கினாள். அது எனக்குத் தெரிந்த விதம்தான் வேறு. என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் ஸ்கூலுக்கு எதிர் வரிசையில், இருபது வருடமாக நான் முகம் கொடுத்துப் பேசாத ஒரு ஸ்கூல் இருக்கிறது, எட்டு மாதம் முன்னால் அங்கே போய், கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் கற்றுக்கொண்டாள். வெள்ளிங்கிரி மாஸ்டர் பெண்டாட்டி எதிர்க்கடையில். டீக்கடையில் ஒரு மாதம் பேச்சு இதுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று கேட்கவில்லை.

இருபத்தொரு வருடம் முன்னால் நானும் சொல்லிக்கொடுத்தேன். சந்தை கிரவுண்டில், ஸ்கூல் காரில், ஞாயிற்றுக்கிழமை காலை. பதினோரு தடவை வண்டி ஆஃப் ஆயிற்று. பதினோராவது தடவை அவள் இறங்கி, சாவியை பானட் மேல் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே போனாள். கிளட்ச்சை விடத் தெரியவில்லை, அவ்வளவுதான். எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன், கல்யாண வீடுகளில் வேடிக்கையாகச் சொல்வேன், அவளும் கூடச் சிரிப்பாள். எனக்கு வண்டி வராதுங்க என்பாள். கிளட்ச் என்பது வேறொன்றுமில்லை, பொறுமை, மெல்ல விட வேண்டும், அது கடிக்கிற இடம் தெரிய வேண்டும். அவளுக்கு அது தெரியவில்லை. தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். மண்ணைச் சக்கரத்தில் அடிக்கிறேன். இந்த முறை மிதுனா நின்று பார்க்கிறாள். மாஸ்டர், இப்படியே போனா எனக்குச் சுவரு பத்தாது என்கிறாள். பிறகு வெளியே போய், கேட் ஓரமாகக் கிடந்த ஒரு சதுரக் கல்லைத் தூக்கி வந்து என் காலடியில் போடுகிறாள். குனிந்து பெடலைத் தன் கையாலேயே ஒரு வேகத்துக்குத் தள்ளி, ஒரு மரக்கட்டையைச் செருகி அசையாமல் நிறுத்திவிட்டாள். சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றுகிறது, வேகமும் இல்லை, மந்தமும் இல்லை. "கால எடுத்து இந்தக் கல்லு மேல வெச்சுருங்க. இனி வேகம் உங்க கையில இல்ல மாஸ்டர், மண்ணு மட்டுந்தான்" என்றாள். எனக்கு வேர்த்துவிட்டது. கால் கல்லின் மேல் இருக்கிறது, கட்டை விரல் தன்னால் வளைந்து வளைந்து கல்லை அமுக்குகிறது. கல் என்ன செய்யும். அமுக்கட்டும். சக்கரம் அதைக் கண்டுகொள்ளாமல் சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் மண் தட்டுவது குறைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில், அட, தட்டவே இல்லை. கை மண்ணின் மேல் இருக்கிறது, மண் சுற்றுகிறது, சுற்றுவதே தெரியவில்லை. நடுவுக்கு வந்துவிட்டது. ஏழு சனிக்கிழமை இதற்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன், டாக்டர் சுகந்தி என் பல்லைப் பார்க்கிறார்.

கட்டை விரல் இரண்டையும் சேர்த்து நடுவில் இறக்க வேண்டும், மெல்ல, அடி வரை போய்விடாமல். இறக்குகிறேன். குழி விழுகிறது, வெண்ணெயில் விரல் போகிற மாதிரி. ருக்குமணியும் சிரித்தாள். அன்றைக்குக் கிரவுண்டில், இரண்டாவது சுற்றில். முதல் சுற்று மெதுவாகப் போனாள், வேப்பமரத்தடியில் திருப்பினாள், இரண்டாவது சுற்றில் செகண்ட் கியர் போட்டு, ஜன்னல் வழியாகக் காற்று வந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் கால் அமுக்கியது. எதிரே நாய் இல்லை. டெம்போ இல்லை. காலிக் கிரவுண்டு. வண்டி குலுங்கி ஆஃப் ஆயிற்று. உனக்குக் கிளட்ச் விடத் தெரியல என்றேன். மறுபடி எடுத்தாள், மறுபடி அமுக்கினேன், மறுபடி அதையே சொன்னேன். மூன்றாவது, நாலாவது தடவை அமுக்குவது நான்தான் என்று எனக்கே தெரியும். அவள் பக்கம் இருந்து என் கால் தெரியாது, கியர் பெட்டி மறைத்துக்கொள்ளும். பயம், பெண்டாட்டிக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது என்ற பயம் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இல்லை. நான் இல்லாமலே அவளுக்கு வண்டி போகும் என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவுதான் விஷயம். அதற்குப் பிறகு எட்டு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை, நான் ஆள்களை ஏற்றிக்கொண்டு உடுமலையில் டெஸ்டுக்குப் போயிருந்தேன், ஆனைமலையில் அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்தது, கார் ஷெட்டில் நிற்கிறது, இவள் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள், போகும்போது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. கண் மட்டும் பார்த்தது என்றாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வண்டி வராதே என்றுதான் அழுதாள். விரல் ஆடுகிறது. ஆடாதே. தண்ணீர் தொடு. முழங்கையை ஊன்று. பார்வை தூரத்தில்.

பதினொன்று நாற்பது. தாமரைக்குளம் தாண்டி மேம்பாலத்துக்கு வந்திருக்க வேண்டும். மேம்பாலத்தில் ஏறக் கூடாது. இடது கையோரம் சர்வீஸ் ரோட்டில் இறங்க வேண்டும், பொன்மலை கோவில் குன்று தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாலம் தானாக மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். சொன்னேனா? காலையில் சொல்லவில்லை. சொல்லாததற்கும் சேர்த்து இப்போது நூறு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன், மண்ணிடம். மண் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே அகலமாகிறது. உள்ளே இடது கை விரல், வெளியே வலது கை விரல், நடுவில் மண், கீழேயிருந்து மேலே இழு. சுவர் எழும்புகிறது. விரல் உயரம். இரண்டு விரல். வாய்ப்பக்கம் கொஞ்சம் ஆடுகிறது, பக்கென்கிறது, கால் கல்லை ஓங்கி மிதிக்கிறது, கட்டை விரல் வலிக்கிறது, கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்டம் அதுவாகவே நின்றது. இதை எத்தனை பேர் காரில் நான் பார்க்காமல் விட்டேன், கொஞ்சம் ஆடிவிட்டுத் தானாக நேராகியிருப்பார்களோ என்னவோ, நான் எங்கே விட்டேன். பதினொன்று ஐம்பத்தைந்து. ஒரு வண்டி வருகிற சத்தம், டீசல், நம்முடையது இல்லை, பால் வேன். பன்னிரண்டு ஐந்து. கிண்ணம் மூன்றாவது தடவை இழுத்து நாலு விரல் உயரம் நிற்கிறது. வாயை ஸ்பாஞ்சால் வழித்துவிட்டேன். மிதுனா கட்டையை உருவிச் சக்கரத்தை நிறுத்தினாள், அடியில் கம்பியை விட்டு அறுத்தாள், பலகையோடு தூக்கி மேசையில் வைத்தாள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பாஸ் மாஸ்டர் என்றாள். மூன்று தடவை ஃபெயில் ஆனவள் வாயால். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அது முழுதாக உள்ளே இறங்கவில்லை, ஏனென்றால் மணி பன்னிரண்டு பத்து, நாற்பது நிமிஷ ரோட்டுக்கு எழுபது நிமிஷம் ஆகிவிட்டது.

கையைக் கழுவினேன். இது ஆபத்து. கழுவாத கை போனை எடுக்காது, கழுவின கை எடுக்கும். எடுத்துவிட்டது. வாசலுக்கு வந்து நிற்கிறேன், வெயில் கண்ணைக் குத்துகிறது, சர்வீஸ் ரோட்டில் ஒரு ஆடு, ஒரு மொபெட், பிறகு ஒன்றுமில்லை. போனில் அவள் பெயர். கட்டை விரல் அதற்கு மேலே. நகத்துக்குள் இன்னும் மண் இருக்கிறது, காய்ந்து வெள்ளையாக வருகிறது. ஒரு மணி அடித்தால் போதும், உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டு? ஓரங்கட்டுவாள், பூட்டுவாள், பஸ்ஸில் வந்து இறங்குவாள், சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைப்பாள், அடுத்த இருபத்தொரு வருடத்துக்கு எனக்கும் வயசில்லை அவளுக்கும் வயசில்லை. டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா. ஆசுபத்திரி ஒன்று கோவில்பாளையத்தில் இருக்கிறது. சீ, வாயைக் கழுவு. மிதுனா பின்னால் வந்து நின்றாள். என் கையில் இருக்கிற போனையும் என் காலையும் பார்த்தாள். வலது கால் சிமென்ட் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே திரும்பிப் போய் அந்தக் கல்லைத் தூக்கி வந்து வாசலில் எனக்கு முன்னால் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். நான் போனைப் பையில் போட்டேன். கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டேன். கொஞ்சம் கூடுதலாகத் தூரம் தெரிகிறது, அதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு இருபத்தாறுக்கு வெள்ளைக் கார் வந்தது, எதிர்ப் பக்கத்திலிருந்து. நான் பார்த்துக்கொண்டிருந்த திசையே தப்பு. இண்டிகேட்டர் போட்டு, நின்று, எதிரே ஆள் இல்லாதபோதும் நின்று, பார்த்துத் திருப்பி, வேலியை ஒட்டி நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக் இழுக்கிற சத்தம் கேட்டது. இறங்கி வந்தவள் முகம் வேர்த்துப் பளபளவென்று இருக்கிறது. என்னைக் கல்லின் மேல் பார்த்துவிட்டு, என்ன அங்க ஏறி நிக்கறீங்க என்றாள். பாலத்தில் ஏறிவிட்டாளாம். ஏறினது ஏறியாச்சு என்று ஒத்தக்கால்மண்டபம் வரை போய்த் திரும்பினாளாம். திரும்பின இடத்தில் இளநீர் விற்றதாம். நிறுத்தி, வண்டியிலேயே சாய்ந்து நின்று, ஒரு இளநீர் முழுதாகக் குடித்துவிட்டு வருகிறாளாம், ஒருக்கா அப்படிக் குடிச்சுப் பாக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு என்றாள். நான் ஆசுபத்திரி வரை போய்விட்டு வந்தேன், இவள் இளநீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. கண் கரித்தது, வெயில். மிதுனா கிண்ணத்தைப் பலகையோடு எடுத்து வந்தாள், அடுத்த இரண்டு வாரம் அவள் ஊரில் இல்லை, வீட்டில் நிழலில் வைத்து ஈரத்துணி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் காய விட வேண்டும், சூளைக்கு அப்புறம் கொண்டு வரலாம் என்றாள். என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைத் தானே மாட்டி, பலகையை மடியில் வைத்தாள். ரெண்டு கையாலயும் புடிச்சுக்குங்க மாஸ்டர், ஒரு கைய எடுத்தாலும் வளைஞ்சுரும் என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் ருக்குமணியைப் பார்த்தாள், ருக்குமணி கண்ணாடியைச் சரி செய்துகொண்டிருந்தாள். கண்ணாடி அவள் உயரத்துக்குத்தான் இருந்தது.

என் பக்கத்துக் கால் மிதியடியில் வலது குதிகால் படுகிற இடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, யார் ஓட்டினாலும் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்காக நான் அமுக்கின ஓட்டை. காலை அங்கே வைக்கப் போனவன், வைக்காமல், இரண்டு காலையும் தூக்கிச் சீட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அதன் மேல் பலகை. பலகையில் கிண்ணம். பந்தியில் இலைக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி இருந்திருப்பேன். அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாள். கிளட்ச் விட்டது தெரியவே இல்லை. சர்வீஸ் ரோடு, ஆடு, மொபெட். பிரதான ரோட்டில் சேர்கிற இடத்தில் நின்று, ஒரு பஸ்ஸை விட்டு, சேர்ந்தாள். நான் விட்டிருக்க மாட்டேன், அந்த பஸ்ஸுக்கு முன்னால் நுழைந்திருப்பேன். சொல்லவில்லை. கிண்ணத்தின் வாய் லேசாக நடுங்குகிறது, நிற்கிறது. மூன்றாவது கியர். நாலாவது. ஜன்னல் வழியாகக் காற்று. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிறாள், என்னைப் பார்க்கவில்லை. அதே சிரிப்பு. இருபத்தொரு வருடம் எங்கே வைத்திருந்தாளோ. காலுக்குள் ஒரு துடிப்பு வந்தது, தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டு அங்கேயே துடித்தது. இப்போது சொல்லாவிட்டால் நான் சொல்லப் போவதில்லை.

"ருக்கு, அன்னைக்குக் கிரவுண்டுல வண்டி ஆஃப் ஆனது உன்னால இல்ல. நாந்தான் பிரேக்க அமுத்துனேன். எல்லா தடவையும்."

முன்னால் போன லோடு ஆட்டோவைக் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டுக் கடந்தாள். கடந்து இடது பக்கம் வந்த பிறகு சொன்னாள்.

"தெரியுமுங்க. அந்த ஸ்கூலுக்குப் போன மொத நாளே தெரிஞ்சு போச்சு. அங்க ஒருக்காக்கூட ஆஃப் ஆகல. அன்னைக்குப் பூரா அழுகை அழுகையா வந்துச்சு."

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். அம்மாவை நினைத்துத்தான் அழுதேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கிண்ணத்தோடு கீழே இறங்கியிருப்பேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருசம் பாக்கலாம்னு வெச்சிருந்தேன், எட்டு மாசத்துலயே சொல்லிப்போட்டீங்க. கிண்ணத்தப் பாத்துப் புடிங்க, முன்னால வேகத்தடை வருது."

வேகத்தடை எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அவளுக்கு முன்னால், எப்போதும் போல. அவள் மூன்றாவதுக்கு இறக்கினாள், இரண்டாவதுக்கு இறக்கினாள், கொஞ்சம் தாமதம்தான், முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது. கிண்ணம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்படியே நின்றுவிட்டது. இனி அது அப்படித்தான் காயும். இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் இருக்கிறது. வலது கால் மரத்துப் போய்விட்டது. எடுக்கவில்லை. வீடு வரட்டும்.